ஆறில்லாத சந்தை ஊர்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். படித்துறையில் இறங்கினால் காலில் படுவதுதான் எங்களுக்குத் தண்ணீர். திருச்சியிலிருந்து திண்டுக்கல் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் மணப்பாறை. வாழையும் நெல்லும் பின்னால் நின்றுவிடும்; செம்மண், பாறை, மானாவாரிக் கொல்லைகள். இந்த ஊர் பேரெடுத்ததற்கு அந்த வறட்சியே காரணம் என்று நினைக்கிறேன்.

வானம் பார்த்த பூமியில் விவசாயியின் சேமிப்பு மாடுதான். மழை தவறினால் ஒரு ஜோடியை ஓட்டிவந்து விற்பார், பெய்தால் வாங்க வருவார். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மாடுகள் வந்து இறங்கத் தொடங்கும், புதன்கிழமை சந்தை. பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள். உடம்பில் மயிர்ச்சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிப்பார்கள். விலை மட்டும் வாயில் வராது. தரகர் துண்டை விரித்துப் போட, அதற்கடியில் விரலை விரல் பிடித்துத் தொகை பேசும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. விற்பவரின் முடையை ஊரறிய ஏலம் போடாத அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

1957இல் வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’ படத்துக்கு மருதகாசி எழுதிய பாட்டு இந்த மாட்டை நாடறியச் செய்தது. மாட்டுக்கு மணப்பாறையையும் ஏருக்கு மாயவரத்தையும் அவர் சேர்த்தது வெறும் மோனைக்காக இல்லை. வறண்ட சீமையில் கல்லிலும் வெயிலிலும் உரமேறிய மாடு டெல்டாச் சேற்றிலும் சளைக்காது என்பது உழவர் அறிந்த விஷயம்.

இந்த ஊருக்குப் பேர் தந்த இன்னொன்றான முறுக்கின் கதையிலும் தண்ணீர் வருகிறது. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைப் பக்கம் ரயில் பாதை வந்தது. பிற்பாடு ஸ்டேஷனில் விற்ற முறுக்கு பயணிகளோடு ஊர் ஊராகப் போயிற்று. அரிசி மாவு, எள், ஓமம், சீரகம் எல்லாம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒருமுறை அரைவேக்காடாக எடுத்து, மறுபடி எண்ணெயில் போட்டுப் பொரிப்பது இவர்கள் பக்குவம். ருசிக்குக் காரணம் கேட்டால் கையைக் காட்டமாட்டார்கள், உவர்ப்பேறிய கிணற்றுத் தண்ணீரைத்தான் சொல்வார்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுப்பனலில் நின்று வேகும் பெண்களின் கூலியும் அந்தக் குறியீட்டோடு உயர வேண்டும்.

தண்ணீர் தேடித் துளைத்த மண் இது. 2019 அக்டோபரில் பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. மூடாமல் விட்ட குழி எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வரும்.

டிராக்டர் வந்தபின் உழவு மாட்டுக்குத் தேவை குறைந்தது. இப்போது கறவை மாட்டைத்தான் தேடுகிறார்கள். முறுக்குக்குச் சான்றிதழ் இருக்கிறது, தரகர்களின் அறிவுக்கு ஏடு இல்லை. சுழிகளின் பெயர்களையும் துண்டுக்கடியில் விரல்கள் போடும் கணக்கையும், பழைய தரகர்கள் இருக்கும்போதே யாராவது கேட்டு எழுதிவைக்க வேண்டும். திருச்சியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மாணவர்கள் புதன்கிழமை விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்தால் சந்தை கலைவதற்குள் போய்விடலாம்.