போனா துரோகி, அனுப்பினா வியாபாரம்

மெல்போர்ன்ல ஃபுட்டி சீசன் நடக்கும்போது இருக்கிற சத்தத்தை விட, சீசன் முடிஞ்சப்புறம் வர்ற சத்தம்தான் ஜாஸ்தி. செப்டம்பர் கடைசியில கிராண்ட் ஃபைனல். 18 கிளப்புல ஒண்ணு கப்பைத் தூக்கிட்டுப் போயிடும். மிச்ச 17 கிளப் ரசிகர்களும் ரெண்டு நாள் துக்கம் அனுசரிச்சிட்டு மூணாவது நாள் ஆரம்பிச்சிடுவாங்க. யாரை வாங்கலாம், யாரைத் தள்ளி விடலாம், அவனுக்கு இவ்வளவு கொடுக்கணுமா, இவனைக் கொடுத்தா எத்தனாவது பிக் தேறும்... அக்டோபர்ல வர்ற ட்ரேட் பீரியட்ல எங்க ஆபீஸ்ல எவனும் ஒழுங்கா ஆணி புடுங்கினதா சரித்திரமே இல்லை :)

விஷயம் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம் (தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போயிடுங்க). ஏ.எஃப்.எல்-னா ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். முட்டை மாதிரி மைதானம், முட்டை மாதிரி பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர். வரிசையா நாலு கம்பம் நட்டிருக்கும். நடு ரெண்டு கம்பத்துக்கு ஊடால உதைச்சா 6 பாயிண்ட், ஓரத்துல போனா 1 பாயிண்ட். முதல் தடவை பார்க்கிறவனுக்கு ஏதோ கலவரம் நடக்கிற மாதிரி இருக்கும். அஞ்சாவது தடவை பார்க்கும்போது நாமளும் எழுந்து நின்னு கத்திட்டு இருப்போம்.

ஆள் எடுக்கிற முறைதான் நமக்குப் புதுசு. ஐபிஎல் மாதிரி சுத்தியல் தட்டி ஏலம் விடறது கிடையாது. எல்லா கிளப்புக்கும் ஒரே சம்பள வரம்பு. நவம்பர்ல டிராஃப்ட். பதினெட்டு வயசுப் பசங்களை கிளப்புங்க வரிசையா தேர்ந்தெடுக்கும், கடைசி இடத்துல வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. எந்த ஊருக்குப் போறோம்ங்கிறது பையன் கையில இல்லை. அவன் பெர்த்ல பிறந்து வளர்ந்திருப்பான், பிரிஸ்பேன் கூப்பிட்டா மூட்டை கட்ட வேண்டியதுதான். அதுக்கு முன்னாடி அக்டோபர்ல நடக்கிறது ட்ரேட். ஆளுக்கு ஆள், ஆளுக்கு டிராஃப்ட் பிக்னு மாத்திக்குவாங்க. ஒப்பந்தத்துல இருக்கிற ஆட்டக்காரனை அவன் சம்மதம் இல்லாம அனுப்ப முடியாதுங்கிறது ஒரு நல்ல விதி. 2012-லேருந்து ஃப்ரீ ஏஜென்ஸியும் வந்திருக்கு. ஒரே கிளப்புல பல வருஷம் ஆடினவன் ஒப்பந்தம் முடிஞ்சதும் தனக்குப் பிடிச்ச கிளப்புக்குப் போகலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ட்ரேட் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே தீர்ப்பு எழுதிடறாங்க. யாரு ஜெயிச்சா, யாரு ஏமாந்தா, எந்த கிளப்புக்கு எத்தனை மார்க்கு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 2001. ஃப்ரீமேன்ட்டில் கிளப்புகிட்ட டிராஃப்ட்டோட முதல் பிக் இருந்தது. அதையும் 20, 36-ன்னு இன்னும் ரெண்டு பிக்கையும் ஹாத்தார்ன்கிட்ட கொடுத்துட்டு ட்ரெண்ட் க்ரோட், லூக் மெக்ஃபார்லின்னு ரெண்டு பேரை வாங்கினாங்க. அந்த முதல் பிக்குல ஹாத்தார்ன் எடுத்தது லூக் ஹாட்ஜ். 36-வது பிக்குல எடுத்தது சாம் மிட்செல். 2008 கப்புக்கு மிட்செல் கேப்டன், 2013, 2014, 2015-ன்னு வரிசையா மூணு கப்புக்கு ஹாட்ஜ் கேப்டன். அந்தப் பக்கம் க்ரோட் ரெண்டே சீசன்ல ஹாத்தார்னுக்கே திரும்பிப் போய் 2008 கப்பையும் வாங்கிட்டார். கொடுமைன்னா இதுதான். ஆனா மெக்ஃபார்லின் ஃப்ரீமேன்ட்டில்ல பல வருஷம் டிஃபென்ஸ்ல தூண் மாதிரி நின்னார்ங்கிறதை யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்லை.

2007-ல கிறிஸ் ஜட். மெல்போர்ன் பையன், பெர்த்ல இருக்கிற வெஸ்ட் கோஸ்ட் கிளப் டிராஃப்ட்ல எடுத்தது. 2006-ல கேப்டனா கப் வாங்கிக் கொடுத்துட்டு, அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பணும்னு சொல்லிட்டார். கார்ல்டன் ரெண்டு டிராஃப்ட் பிக்கையும் ஜோஷ் கென்னடிங்கிற சின்னப் பையனையும் கொடுத்து அவரை வாங்கினாங்க. ஜட் 2010-ல கார்ல்டனுக்கு ஆடும்போது பிரவுன்லோ மெடல் வாங்கினார். ஆனா கப் வரலை. கென்னடி வெஸ்ட் கோஸ்ட் வரலாற்றிலேயே அதிக கோல் அடிச்ச ஆளாகி, 2018 கப் அணியிலயும் இருந்தார். யாரு ஜெயிச்சான்னு சொல்ல பதினோரு வருஷம் ஆச்சு பாருங்க.

இது வரைக்கும் சுவாரசியமான அரட்டைதான். எனக்கு இடிக்கிறது இதுக்கப்புறம்.

2013 கடைசியில லான்ஸ் ஃப்ராங்ளின் ஹாத்தார்ன்லேருந்து சிட்னிக்குப் போனார். ஃப்ரீ ஏஜென்ட், விதிப்படி சரி, ஒப்பந்தமும் முடிஞ்சு போச்சு. ஒன்பது வருஷத்துக்கு ஒரு கோடி டாலர். எங்க ஆபீஸ்ல இருக்கிற ஹாத்தார்ன் ரசிகர் ஒருத்தருக்கு இன்னும் அந்தப் பேரைச் சொன்னா முகம் மாறும். அடுத்த ரெண்டு வருஷமும் அவர் அணிதான் கப் அடிச்சது, அதுவும் 2014 ஃபைனல்ல அதே ஃப்ராங்ளினோட சிட்னியைத் தோற்கடிச்சு. அப்படியும் ஆறலை. "விசுவாசம்னு ஒண்ணு இல்லையா?"ன்னு கேட்கிறார்.

அதே மனுஷன்கிட்ட ஆடம் ட்ரெலோர் கதையைக் கேட்டேன். 2020 நவம்பர் (கோவிட்னால அந்த வருஷம் எல்லாமே தள்ளிப் போச்சு). காலிங்வுட்டுக்கு சம்பள வரம்பு இடிக்குது. ட்ரெலோருக்கு 2025 வரைக்கும் ஒப்பந்தம். அவர் போகணும்னு கேட்கவே இல்லை, இருக்கணும்னு வெளிப்படையாவே சொன்னார். அவரோட துணைவி நெட்பால் வீராங்கனை, ஆட்டத்துக்காக குழந்தையோட குயின்ஸ்லாந்து போறதா இருந்தது. வீட்டு விஷயமெல்லாம் பேப்பர்ல வந்து, ஊரே அலசி, கடைசியில கெடு முடியற நேரத்துல வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் போனார். சம்பளத்துல ஒரு பங்கை காலிங்வுட்டே கொடுக்கிறதா ஏற்பாடு. சம்மதம் இல்லாம அனுப்ப முடியாதுங்கிற விதி அப்போவும் இருந்தது. ஆனா "நீ எங்களுக்கு வேணாம்"னு சொல்ற இடத்துல எவன் உட்கார்ந்திருப்பான்?

இதுக்கு நம்ம ஹாத்தார்ன் நண்பர் சொன்ன பதில்: "அது பிசினஸ்."

அதாவது ஆட்டக்காரன் ஒப்பந்தத்தை முடிச்சுட்டுப் போனா துரோகி. கிளப் ஒப்பந்தத்துக்கு நடுவுல அனுப்பினா வியாபாரம். எந்த ஊர் நியாயம்யா இது?

பொட்டி தட்டுற நமக்கு இது நல்லாவே புரியணும். நாம முப்பது பர்சென்ட் ஹைக்குக்கு கம்பெனி மாறினா ஃபேர்வெல்ல கேக் வெட்டி அனுப்பறாங்க. பெஞ்சுல உட்கார வெச்சு கம்பெனி நம்மள வெளிய தள்ளினா வயிறு எரியறோம். ரெண்டுலயும் நாம நம்ம பக்கம். ஆட்டக்காரன் விஷயத்துல மட்டும் எப்படி மேனேஜ்மென்ட் பக்கம் போய் உட்கார்ந்துக்கறோம்னு தெரியலை.

யோசிச்சுப் பார்த்தா ஒரு காரணம் இருக்கு. இங்க நிறைய கிளப்புக்கு முதலாளின்னு ஒருத்தர் கிடையாது. வருஷா வருஷம் காசு கட்டற மெம்பர்கள்தான் எல்லாம். 1989-ல ஃபுட்ஸ்கிரே (இன்னிக்கு வெஸ்டர்ன் புல்டாக்ஸ்) கிளப்பை ஃபிட்ஸ்ராயோட இணைச்சு மூடிடறதா இருந்தாங்க. அந்த ஏரியா ஜனங்க ரோட்ல உண்டியல் குலுக்கி, வீடு வீடாப் போய் காசு சேர்த்து கிளப்பை மீட்டாங்க. அப்படிப்பட்டவங்க "நாங்க அவனை வாங்கினோம், நாங்க இவனை வித்தோம்"னு பேசினா தப்பு சொல்ல முடியாது. அவங்களுக்கு அது நிஜமாவே 'நாங்க'. ஆட்டக்காரன் வருவான், போவான். இவங்க எங்கயும் போக முடியாது. அந்த வலிதான் கோபமா வருது.

எங்க டீம்ல ஒரு டெஸ்டர் இருக்கார், அம்பது தாண்டினவர், தாத்தா காலத்துலேருந்து ஃபுட்ஸ்கிரே. அவர்கிட்ட டாம் பாய்ட் கதை கேட்கணும். சொல்லும்போது குரல் மாறிடும்.

2013 டிராஃப்ட்ல முதல் ஆள் டாம் பாய்ட். மெல்போர்ன் பையன், ரெண்டு மீட்டர் உயரம், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி எடுத்தது. ஒரு சீசன், 9 ஆட்டம். 2014 அக்டோபர்ல புல்டாக்ஸ் கேப்டன் ரயன் கிரிஃபன் திடீர்னு அந்த சிட்னி கிளப்புக்குப் போகணும்னு கேட்க, பதிலுக்கு புல்டாக்ஸ் பாய்டைக் கேட்டாங்க. கேப்டனும் ஆறாவது பிக்கும் அந்தப் பக்கம், 19 வயசுப் பையன் இந்தப் பக்கம். ஏழு வருஷம், சுமார் 70 லட்சம் டாலர்னு பேப்பர்ல எழுதினாங்க. அன்னிலேருந்து அவன் பேருக்கு முன்னாடி அந்த டாலர் ஒட்டிக்கிச்சு. கோல் அடிச்சா "இதுக்குத்தானே அவ்வளவு காசு", அடிக்கலைன்னா "இதுக்கா அவ்வளவு காசு". டெஸ்டர் ஒளிக்காம சொல்றார், அவரும் அப்படித்தான் பேசிட்டு இருந்தாராம்.

2016. புல்டாக்ஸ் ஏழாவது இடத்துலேருந்து ஃபைனல்ஸ் வந்தாங்க. பிரிலிமினரி ஃபைனல்ல கிரிஃபன் போன அதே கிளப்பை 6 பாயிண்ட்ல ஜெயிச்சு, கிராண்ட் ஃபைனல்ல சிட்னியோட மோதினாங்க. பாய்ட் 3 கோல். கடைசி குவார்ட்டர்ல அம்பது மீட்டருக்கு வெளியேருந்து உதைச்ச பந்து துள்ளித் துள்ளி உருண்டு கம்பத்துக்குள்ள போச்சு பாருங்க, அதுல சிட்னி கதை முடிஞ்சது. 22 பாயிண்ட் வெற்றி. 1954-க்கு அப்புறம் முதல் கப். 62 வருஷம்! டெஸ்டரோட அப்பா அதைப் பார்க்க இல்லை.

அடுத்த வருஷமே பாய்ட் மனச்சோர்வுன்னு வெளிப்படையா சொல்லிட்டு ஆட்டத்துலேருந்து விலகி இருந்தான். திரும்பி வந்தான். 2019 மே மாசம், 23 வயசுல, மொத்தமா விடை வாங்கிட்டான். ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல பாக்கி இருந்தது. அந்தக் காசு வேணாம்னு விட்டுட்டுப் போனான். மொத்தம் 61 ஆட்டம்.

"ஒவ்வொரு டாலருக்கும் தகும். அந்த ஒரு நாள் போதும்"னு டெஸ்டர் சொல்றார். இந்த ஊர்ல நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. நல்ல மனசோட சொல்றதுதான். ஆனா எனக்கு அதுவும் ஒப்புக்கலை. தகும், தகாதுன்னு ரெண்டுமே ஒரே கணக்கு நோட்டுதானே? 19 வயசுல தன் விலையைத் தினம் பேப்பர்ல படிச்சிட்டு ஆடினவனுக்கு, கப் வந்ததால கணக்கு நேராயிடுச்சுன்னு சொன்னா என்ன அர்த்தம்? அந்தப் பந்து துள்ளி ஓரமாப் போயிருந்தா?

இதைக் கேட்டதும் மனுஷனுக்குக் கோபம் வந்துடுச்சு. "அப்போ நான் எதைப் பத்திப் பேசறது? காசு கட்டறேன், பேசக் கூடாதா?"

பேசலாம் சார். தாராளமாப் பேசலாம். ட்ரேட் பேச்சு இல்லாத அக்டோபர் உப்பில்லாத சாம்பார். பிக் எத்தனாவது, வரம்புல இடம் இருக்கா, முழங்கால் தாங்குமா, எல்லாம் பேசுவோம். நான் கேட்கிறது ஒண்ணுதான். தராசு ஒண்ணா இருக்கட்டும். காலிங்வுட் ட்ரெலோரை அனுப்பினதை "பிசினஸ்"னு ஏத்துக்கிட்டா, ஃப்ராங்ளின் கிளம்பினதையும் அதே வார்த்தையில ஏத்துக்கணும். ஃப்ராங்ளினைத் துரோகின்னா, ஒப்பந்தத்தைக் கிழிச்ச கிளப்பையும் அதே வார்த்தையில திட்டணும். ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம்.

டெஸ்டர் ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, "காலிங்வுட்டைத் திட்டறதுல எனக்கு எந்தப் பிரச்சனையும் இல்லை"ன்னார்.

காலிங்வுட்டைத் திட்ட இந்த ஊர்ல யாருக்குமே காரணம் தேவைப்படாது. அது தனிக் கதை :)

டிஸ்கி: நான் எந்த கிளப்புன்னு கேட்காதீங்க. ஆபீஸ்ல நிம்மதியா சாப்பிடணும்.