விரால் மீனும் உப்பின் அளவும்

மீன் என்னும் சொல்லை மின்னுதல் என்னும் வினையோடு இயைத்துக் காண்பது தமிழறிஞர் மரபு. வானில் மின்னுவதும் மீன். நீரில் மின்னுவதும் மீன். நீர்வாழ் மீன்களை இனம் பிரித்துப் பெயரிடுவதில் நம் முன்னோர் பெருஞ்செல்வர். அயிரை, ஆரல், கயல், கெண்டை, வாளை, வரால் எனச் சங்கப் பாடல்களில் நீந்தும் மீன்கள் பல. இவற்றுள் வரால் என்பதே இன்று நாம் விரால் என வழங்கும் மீன். அதனைச் சமைக்கும் முறையைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவது தகுமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். உணவையும் நீரையும் பாடுவதைச் சங்கப் புலவர் இழிவாகக் கருதினாரல்லர். ஆதலின் அடுக்களையும் தமிழாசிரியர்க்கு அயலிடம் அன்று.

அகநானூற்றின் 36-ஆம் பாடலில் மதுரை நக்கீரர் ஒரு வராலைக் காட்டுகிறார். தூண்டில் இரையைக் கவ்விய அம்மீன் ஆம்பல் இலையைக் கிழித்து, குவளை மலரைச் சிதைத்து, இழுப்பவனுக்கு அடங்காமல், கயிறிட்ட சினக்காளை போலக் குளத்தைக் கலக்குகிறது. மருதநிலத்துக் குளத்தில் வராலின் வலிமையை நேரில் கண்டறிந்த கண்களே இவ்வாறு பாட இயலும்.

இப்பாடலை எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் பணிபுரிகிறார். அண்மையில் தொலைபேசியில் அழைத்தவர், "ஐயா, இங்கே ஏரியில் கருப்பு பாஸ் என்று ஒரு மீன் பிடிப்பார்கள். நண்பர் ஒருவர் முள் எடுத்த துண்டுகளாகக் கொடுத்திருக்கிறார். நம் வீட்டு ருசியில் எப்படிச் சமைப்பது?" என்று கேட்டார். கருப்பு பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். அங்குள்ள தூண்டிற்காரர்கள் அதன் போராட்டத்திற்காகவே அதனை விரும்பித் தேடுவர். 1925-இல் சப்பான் நாட்டின் அசி ஏரியில் கொண்டுவந்து விடப்பட்டு, பின்னர் அந்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பரவியது. விராலுக்கும் அதற்கும் குல உறவு இல்லை. குண உறவு உண்டு. இரண்டும் சிறுமீன்களை வேட்டையாடுவன. இரண்டும் தம் குஞ்சுகளைக் காவல் காப்பன. இரண்டின் சதையும் வெண்மையானது. ஆகவே விராலுக்கு எம் இல்லத்தில் செய்வதையே அவருக்குக் கூறினோம். அதனையே ஈண்டும் தருகிறோம்.

விரால் வாங்கும்போது உயிர் மீனாக வாங்குதல் நன்று. காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டாதலால், சிறிதளவு நீரிலேயே நெடுநேரம் உயிர் தரித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பூர்த் தென்னம்பாளையம் மீன் சந்தைக்குச் சென்றால், "வாங்க பாய், உயிர் விராலுங்க, இப்பத்தான் வந்துச்சு" என்னும் அழைப்பைக் கேட்கலாம். சனிக்கிழமை வாரக்கூலி பெற்ற பனியன் தொழிலாளர் குடும்பங்கள் கறியும் மீனும் வாங்கும் நாள் அது.

வழுவழுப்பான அதன் தோலைக் கல்லுப்பும் சாம்பலும் இட்டுத் தேய்த்து, செதில் நீக்கிக் கழுவ வேண்டும். பின்னர் நடுமுள்ளை ஒட்டிக் கத்தியை நீளவாக்கில் செலுத்தினால் இருபுறச் சதையும் இரு பாளங்களாகப் பிரியும். நாமே செய்ய வேண்டுவதில்லை. கடைக்காரரிடம் சொன்னால் செய்து தருவார். தலையையும் நடுமுள்ளையும் மட்டும் மறவாமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நன்னீர் மீனுக்கே உரிய சேற்று வாடை போக, பாளங்களை மஞ்சளும் உப்பும் கலந்த மோரில் கால்மணி நேரம் ஊறவைத்து அலசலாம்.

அரைக்கிலோ சதைக்கு மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூளும் சீரகத்தூளும் அரை அரைத் தேக்கரண்டி, சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு ஆறு பல், இஞ்சி ஒரு துண்டு, உப்பு ஒரு தேக்கரண்டி. அனைத்தையும் அரை எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைத்துப் பூசி அரைமணி நேரம் வைக்க வேண்டும். அதற்கு மேல் வைத்தால் புளிப்பேறிச் சதை இறுகிவிடும். தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் துண்டுகளை இட்டு, மிதமான தீயில் ஒருபுறம் நான்கு நிமிடம், மறுபுறம் நான்கு நிமிடம் வேகவைத்தால் போதும். ஒருமுறைதான் திருப்ப வேண்டும். பன்முறை புரட்டினால் துண்டு உதிர்ந்து போகும்.

மேலைநாட்டார் தட்டில் இத்துண்டே முதன்மை உணவு. நம் இலையிலோ சோறே முதன்மை; சோற்றுக்குக் குழம்பு வேண்டும். தலையும் முள்ளும் அங்கே பயன்படும். எம் இல்லங்களில் குழம்பினை 'ஆணம்' என்போம். இது அயல்மொழிச் சொல் அன்று, பழந்தமிழ்ச் சொல். பொதுவழக்கில் மறைந்துவிட்ட இச்சொல் முஸ்லிம் வீட்டு அடுக்களையில் இன்றும் ஆவி பறக்க வாழ்கிறது. மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, புளிக்கரைசலில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாடை நீங்கியபின் அரைத்த தேங்காயைச் சேர்த்து, மறுகொதி வரும்போது தலையையும் முள்ளையும் இட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கலாம். மீன் இட்டபின் கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்து மெல்லச் சுழற்றுவதே முறை. மீனுக்குப் புளி சேர்ப்பது நம் பழவழக்கம். அகநானூற்றின் 60-ஆம் பாடலில், கடலுக்குச் சென்று வரும் தந்தைக்கு மகள் இடும் சோறு, உப்பு விற்றுப் பெற்ற நெல்லின் சோறு. அதற்கு உடனாவது அயிலை மீன் இட்ட புளிக்குழம்பு.

அப்பாடலிலும் உப்பு வருகிறது. எம் அடுக்களையிலும் உப்பே ஆசான். எம் தாயார் ஆணத்துக்கு உப்பிடும்போதெல்லாம், "கண்ணு, கொறஞ்சா போட்டுக்கலாம்; கூடுனா எடுக்க முடியாது" என்பார். மேலும் நீர் ஊற்றலாம், உருளைக்கிழங்கை இடலாம். ஆயினும் கரைந்த உப்பு கரைந்ததே. அடுக்களை அறம் என்று யாம் கருதியிருந்த இச்சொல், எம் ஊரின் வரலாறும் ஆகும் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

எம் தாயாரின் இளமையில் வீட்டுக்கு வந்த விரால் சந்தையிலிருந்து வந்ததன்று, நொய்யலிலிருந்து வந்தது. திருப்பூருக்குக் கீழே ஆற்று மடுவில் பிடித்து, ஈரச் சாக்கில் சுற்றி, உயிரோடு கொண்டுவந்து தருவார்களாம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு இது. பதிற்றுப்பத்துப் போற்றும் கொடுமணம், இன்றைய கொடுமணல், இதன் கரையில் உள்ளது. மணிக்கல் அறுத்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த தொழில்நகர் அது என அகழாய்வுகள் காட்டுகின்றன. ஆற்றங்கரையில் தொழில் செழிப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று.

திருப்பூரின் பனியன் தொழில் 1925-இல் குலாம் காதர் நிறுவிய பின்னலாலையோடு தொடங்கியது என்பர். காதர்பேட்டை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏற்றுமதி பெருகியபோது சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏறி நிற்க உப்பு வேண்டும். அடர்ந்த நிறங்களுக்குச் சாயநீரில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு இடுவர். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் அளவுதான் உப்பு உண்டு. சாயம் துணிக்குப் போகும். உப்போ துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்கும்; கரைந்த உப்பை நீக்காது. கூடினால் எடுக்க முடியாது என்ற தாயார் வாக்கு இங்கே ஓர் ஆற்றின் அளவுக்குப் பெருகி நின்றது.

கொடுமணலுக்கு அருகில் ஒரத்துப்பாளையம் அணை 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. அதில் தேங்கியது சாயக்கழிவு கலந்த உப்புநீர். நிலமும் கிணறும் கெட்டன. நீர் வேண்டும் என்று போராட வேண்டிய உழவர், இந்நீர் வேண்டா என்று வழக்காடினர். உச்சநீதிமன்றம் 2009-இல் சாயப்பட்டறையினரின் பொறுப்பை உறுதி செய்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை அடையும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அந்நாளில் தணிந்தது. அதன்பின் சவ்வூடு வடித்தும், ஆவியாக்கியும், நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்கள் வழியே தொழில் மீண்டது. எடுக்க முடியாததை எடுக்கப் பெருஞ்செலவில் மனிதன் கற்றுக்கொண்டான் எனலாம்.

சாயத்தொழிலைப் பழிப்பது எம் நோக்கமன்று. எம் வகுப்பறைகளில் அமர்வோருள் பலர் அத்தொழிலின் கூலியில் பயில்வோர். சந்தையில் அந்த விராலை வாங்கும் பணமும் அத்தொழில் ஈட்டியதே. ஆற்று மீனை இழந்த தொழில், அணை மீனையும் கடல் மீனையும் வாங்கும் வசதியைத் தந்தது என்பதே நம் ஊரின் கணக்கு. அக்கணக்கில் வரவை மட்டும் எழுதிச் செலவை விடுதல் நேர்மையன்று.

மார்க்கமும் இதனையே கற்பிக்கிறது. மீனுக்கு அறுப்பு முறை விதிக்கப்படவில்லை. நீர் தந்ததை அப்படியே உண்ணலாம். ஆயினும் கொங்கு நாட்டு இராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், புறக்காரணமின்றித் தானே இறந்து மிதக்கும் மீனை உண்ணலாகாது என்பது சட்டம். மீன் எவ்வாறு இறந்தது எனக் கேட்டறிந்து உண்க என்பதே இதிலிருந்து யாம் கொள்ளும் பாடம். ஓடும் ஆற்றின் கரையில் இருந்து ஒளு செய்தாலும் நீரை விரயம் செய்யற்க என்னும் கருத்துள்ள நபிமொழி இப்னு மாஜாவின் தொகுப்பில் உண்டு. ஆறு முழுதும் முன்னே ஓடினும் அளவு வேண்டும். அதற்குக் குறைந்த நம் நொய்யலுக்கோ பன்மடங்கு வேண்டும்.

தம் ஏரி மீனைப் பற்றி அமெரிக்க மாணவர் மற்றொன்றும் கூறினார். அந்நாட்டு மாநிலங்கள் பலவற்றில், எந்த நீர்நிலையின் பாஸ் மீனை மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று அரசே அறிவிக்கிறதாம். சிறுமீன்களைத் தின்று வாழும் மீன்களின் உடலில் பாதரசம் சேர்வதே காரணம். செல்வ நாடாயினும் நீர் கெட்டால் தட்டு தப்பாது. சமையல் அடுப்பில் தொடங்குவதில்லை, நீரில் தொடங்குகிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. திருப்பூரை அடுத்த சர்க்கார் பெரியபாளையத்தில் உள்ள நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. நாரையும் நீர்க்காகமும் அங்கே மீன் தேடுகின்றன. அவற்றுக்குச் சந்தை இல்லை, நீர்நிலையே அடுக்களை.

தமிழ்த்துறை மாணவச் செல்வங்களுக்கு ஒரு விண்ணப்பம். நொய்யற்கரை ஊர்களில் எழுபது வயதைக் கடந்த பெரியோர் இன்னும் உள்ளனர். அவர்கள் ஆற்றில் பிடித்த மீன்களின் பெயர்களையும், அவற்றைச் சமைத்த முறைகளையும், பிடித்த மடுக்களின் பெயர்களையும் கேட்டு எழுதி வையுங்கள். ஆற்றில் மீன் இல்லையானால் சில ஆண்டுகளில் வாயில் பெயரும் இல்லையாகும். ஆணம் என்ற சொல்லை அடுக்களை காத்தது போல, அப்பெயர்களை நம் துறை காக்கட்டும். பெரியோர்களே, பிள்ளைகள் ஏடும் எழுதுகோலுமாக வாயிலில் வந்து நின்றால், உள்ளே அழைத்து அமர்த்திச் சொல்லுங்கள். உப்பின் அளவையும் சேர்த்தே சொல்லுங்கள்.