சாவி எங்கே?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

'மறக்க முடியாத நாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் பலர் சுற்றுலா சென்ற நாளைத்தான் எழுதுவோம். நாங்கள் எழுதப்போவது எங்கள் வண்டி களவு போன நாளைப் பற்றி. நாங்கள் என்றால் அக்காளும் தங்கையும். எழுதுவது பத்தாம் வகுப்பு அக்காள். பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துவது ஏழாம் வகுப்புத் தங்கை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள் பல உண்டு. அங்கே வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போகும். அம்மா விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவார். சப்பாத்தி, பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் பாத்திரங்களில் ஏறி, அப்பாவின் மாருதி ஆம்னி வண்டியில் ஆலை வாசலுக்குப் போய்ச் சேரும். பழைய வண்டிதான். ஆனாலும் எங்கள் பள்ளிக் கட்டணம், பாட்டியின் மருந்து, வீட்டு வாடகை எல்லாம் அந்த நாலு சக்கரத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

2024 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. பூசை முடிந்து கடைத்தெருவுக்குப் போனோம். அப்பா மளிகைக் கடைக்குள் நுழையும்போது, "வண்டியிலேயே இருங்கள், எங்கேயும் போகக் கூடாது" என்றார். வண்டியில் ஒரு பாட்டுப் பெட்டி உண்டு. சாவியைப் போட்டு ஒரு திருகு திருகினால்தான் அது பாடும். எங்களுக்காகவே சாவியை வைத்துவிட்டுப் போனார்.

எதிர்ப்புறம் ஒரு பாட்டி கோலப்பொடியைக் குவித்து வைத்திருந்தார். மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை! இருபது அடி தூரம்தான். இறங்கினோம். ஊதாவா பச்சையா என்று எங்களுக்குள் சண்டை வந்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பிப் பார்த்தால், வண்டி நின்ற இடத்தில் ஒரு சைக்கிள் நின்றது.

அப்பா வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் இரண்டு பேரும் பத்திரமாக இருக்கிறீர்களா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "சாவி எங்கே?"

"எடுத்துக்கொண்டுதான் இறங்கினோம் அப்பா. கூட்டத்தில் கையிலிருந்து விழுந்துவிட்டது" என்றோம். யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒருத்தி சொல்ல, மற்றவள் தலையாட்டினாள்.

காவல் நிலையத்தில் ஏட்டு ஐயா சேஸிஸ் எண் கேட்டார். அது எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு இடம் கொண்டது; யாருக்கு நினைவிருக்கும்? ஆர்.சி. புத்தகம், காப்பீட்டுப் பத்திரம் எல்லாமே வண்டியின் முன்பெட்டியில் இருந்தன. திருடனுக்கு வண்டியோடு அதன் ஜாதகத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தோம். நல்லவேளையாக, அம்மா ரேஷன் அட்டைப் பையில் ஒரு நகல் வைத்திருந்தார். இந்திய தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவின்படி வழக்குப் பதிவானது. (2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதில் திருட்டு 303ஆம் பிரிவு.) எளாவூர் சோதனைச்சாவடிக்கும் செய்தி சொன்னார்கள். ஆனால் கும்மிடிப்பூண்டியோ சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம் வந்துவிடும். "கொஞ்ச நேரம் கிடைத்தாலே அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவான்" என்று ஏட்டு ஐயா பெருமூச்சு விட்டார்.

மறுநாள் முதல் அப்பா ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை இரவல் வாங்கி, பாத்திரங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மூன்று நடை போனார். அது எங்களுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் எங்களை உலுக்கியது வேறு ஒன்று. திங்கள் இரவு ஒன்பது மணிக்கு அப்பா டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். செவ்வாய் இரவும் போனார். எங்கே என்று அம்மாவைக் கேட்டோம்.

"சாவி தேடத்தான். நீங்கள் தவறவிட்ட இடத்தில் சாக்கடையோரம் கிடக்குமோ என்று பார்க்கிறார்."

இல்லாத சாவியை, கோலப்பொடி சிந்திய தெருவில் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருக்கிறார் அப்பா! நாங்கள் இருவரும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினோம். தெருவிளக்கின் கீழே நின்றுதான் சொன்னோம். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, வாருங்கள். சாப்பிட்டீர்களா?" என்றார். அடித்திருக்கலாம் என்று இருந்தது.

வண்டி களவு போனால், அதன் இரண்டு சாவிகளையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். சாவி நம்மிடம் இருந்தது, வண்டி பூட்டியிருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இன்னொரு சாவி வெட்டிக் கொடுத்துவிடலாம். பூட்டியிருந்தது என்றே சொல்லுங்கள். குழந்தைகள் சொன்னதும் அப்படித்தானே பதிவாகியிருக்கிறது?" என்று யோசனை சொன்னார். வண்டியின் மதிப்பு பத்திரத்தில் 1,20,000 ரூபாய். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, "நாளைக்குப் பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதுங்கள்" என்றார். காவல் நிலையத்துக்குப் போய், சாவி வண்டியிலேயே இருந்தது என்று மாற்றி எழுதிக் கொடுத்தோம். கை நடுங்கியதால் கையெழுத்து கோணலாக விழுந்தது.

நிறுவனம் முதலில் பணம் தர மறுத்தது. எங்கள் வகுப்புத் தோழியின் தந்தை வக்கீல். அவர்தான் ஒரு தீர்ப்பைக் காட்டினார். ஓர் ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வழி கேட்க இறங்கினார். அவருடைய டம்பர் லாரி களவு போனது. கவனக்குறைவு உண்மைதான் என்றாலும் முழுவதுமாக மறுக்கக் கூடாது, 75 சதவீதம் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அசோக் குமார் எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் என்பது வழக்கின் பெயர். அதைக் காட்டி எழுதிய பிறகு, பதினொரு மாதம் கழித்து 90,000 ரூபாய் வந்தது. மீதி முப்பதாயிரம் அந்தப் பத்து நிமிடத்தின் விலை. ஆம்னி இன்றுவரை கிடைக்கவில்லை.

இதற்கிடையில் எங்கள் சித்தப்பா வந்து பாடமே நடத்திவிட்டார். அவர் திருவள்ளூர் கார் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் கார்களைச் செய்யத் தொடங்கிய இடம் அது. இப்போது அங்கே சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. அவர் 'இம்மொபிலைசர்' பற்றிச் சொன்னது கதைபோல் இருந்தது. சாவித் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு இருக்கிறதாம். அதற்குத் தனி மின்கலம் வேண்டாம். சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்தான் அதை எழுப்பி, "நீ யார்?" என்று கேட்கும். சரியான விடை வராவிட்டால் எஞ்சின் ஓடாது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். கம்பியை ஒட்டித் திருடும் பழைய வித்தை அதனிடம் பலிக்காது.

"அப்படியானால் நம் ஆம்னியில் அது இருந்திருந்தால்...?" என்று தங்கை ஆவலோடு கேட்டாள்.

"சாவியே உள்ளே இருந்ததே அம்மா! அது திருடனுக்கு வணக்கம் சொல்லியிருக்கும்" என்றார் சித்தப்பா. அவர் சிரித்தார்; எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பொத்தான் அழுத்திக் கிளப்பும் புதுக் கார் வைத்திருக்கும் பெற்றோருக்கு அவர் சொன்ன ஒரு செய்தி: சாவியை வாசற்கதவு அருகே மாட்டாதீர்கள். அதன் அலையைக் கருவியால் இழுத்து, தெருவில் நிற்கும் காரைத் திறந்துவிடுகிறார்களாம். மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு வைக்கலாம். ஆனால் அந்த டப்பாவோடு காரின் அருகில் போய், கதவு திறக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். எல்லா டப்பாவும் அலையைத் தடுக்காது.

இப்போது அப்பா கடன் வாங்கிப் பழைய ஈகோ வண்டி ஒன்று எடுத்திருக்கிறார். கியருக்கு ஒரு இரும்புப் பூட்டு, ஸ்டியரிங்குக்கு மஞ்சள் நிறத் தடி ஒன்று, இருக்கைக்குக் கீழே எங்கோ ஜி.பி.எஸ். கருவி. தடியைத் திருடன் அறுக்க முடியும்; ஆனால் அறுக்க நேரமாகும், சத்தமும் வரும், அதனால் பக்கத்து வண்டியைப் பார்ப்பான் என்பது அப்பாவின் கணக்கு. (பக்கத்து வண்டிக்காரர் பாவம் இல்லையா என்று தங்கை கேட்டதற்குப் பதில் வரவில்லை.) கடையின் விளக்கு விழும் இடத்தில்தான் நிறுத்துகிறார். பாட்டுப் பெட்டி மட்டும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

சென்ற மாதம் நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்பா அந்த வண்டியில்தான் வந்தார். மைதானத்தில் நிறுத்தி, கியரைப் பூட்டி, நான்கு கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை எங்களிடம் நீட்டினார். "என் சட்டைப்பை கிழிந்திருக்கிறது, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். சட்டைப்பை கிழியவில்லை என்று எங்களுக்குத் தெரியும். மதர் பேசியபோதும், சின்ன வகுப்புக் குழந்தைகள் கும்மியடித்தபோதும் ஆளுக்கு அரைமணி நேரம் மாறி மாறி அதைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தோம். சாவி வைத்திருப்பவளால் கை தட்ட முடியாது. அதனால் அன்று எங்கள் இருவரில் ஒருத்திதான் கை தட்டினாள்.