உராயாதீங்கோ, வெட்டுங்கோ

கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவனுக்கு லேத் இலகுவாக வசப்படும் என்றுதான் நினைத்திருந்தேன். 40 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியை நிமிடத்துக்கு 18 மீற்றர் வேகத்தில் கடைய, மெசின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 143 தடவை சுற்ற வேண்டும். இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். பட்டறைக்காரத் தம்பி சிரித்தான். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் அவனுக்கும். "கணக்குச் சரி சேர். ஆனா கியர்ப் பெட்டியில 143 இல்லை. கிட்ட இருக்கிறதைப் போடுங்கோ."

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் இருக்கும் அந்தப் பட்டறைக்குக் கொட்பேயிலிருந்து படகு வேலைதான் அதிகம் வரும். தேய்ந்த புஷ், வளைந்த சாப்ட். உப்புத்தண்ணீரில் கிடக்கும் சாப்டுக்கு 316 ரகத் துருப்பிடிக்காத உருக்கு நல்லது. அதில் சேர்த்திருக்கும் மொலிப்டினம் கடலுப்பு குழி விழுத்துவதைத் தடுக்கும். விலையும் அதற்கேற்றபடி. ஆகவே அதைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு. டூலைத் தொட்டும் தொடாமலும் வைத்து, மயிரளவு மயிரளவாய் எடுத்தேன்.

இந்த உருக்கிடம் அது எடுபடாது. கூர் வெட்டாமல் மேலே உராய்ந்தால், உராய்ந்த தோல் இறுகிவிடும். அடுத்த முறை டூல் அந்த இறுகிய தோலின்மேல்தான் ஓட வேண்டும். இந்த உருக்கு சூட்டை இலேசில் கடத்தாததால் வெப்பமெல்லாம் கூரிலேயே தங்கி, கூர் மழுங்கும். மழுங்கிய கூர் இன்னும் உராயும். மெசின் கீச்சிட, நான் இன்னும் மெதுவாக்குவேன். "உராயாதீங்கோ சேர், வெட்டுங்கோ" என்பான் தம்பி. இறுகிய தோலுக்குக் கீழே கூரை இறக்கி, நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் வெட்டுப்படும் உருக்குச் சுருள் தடித்து, உடைந்து விழும்.

விலைக்குப் பயந்த நான் மெசினுக்குப் பயப்படவேயில்லை என்பதுதான் வெட்கம். கை கிழியாமலிருக்கக் கையுறை போட்டுக்கொண்டு நின்றேன். அதைக் கழற்றும்வரை தம்பி சுவிட்சைத் தொடவிடவில்லை. சுற்றும் கம்பி துணியில் ஒரு நூலைப் பிடித்தாலும் போதும், கையும் அதன் பின்னால் போகும். மினுக்கும் எமரித் தாளை விரலில் சுற்றிப் பிடிப்பது, சுருளைக் கொக்கியில்லாமல் கையால் இழுப்பது, கம்பியைப் பிடிக்கும் சக்கிலே சாவியை விட்டுவிட்டுத் திரும்புவது எல்லாம் அந்த வகைதான். இவற்றில் எதற்கும் என் நெஞ்சு அடிக்கவில்லை. நட்டமாகப் போகிற ஒரு முழக் கம்பிக்கு அடித்தது.

கவனம் இடம் மாறிப்போவது இந்தத் துறைமுகத்துக்குப் புதிதல்ல. 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி, பிரித்தானியப் போர்க்கப்பல் வேலியன்ற் இங்கே மிதவைத் துறையில் ஏற்றப்பட்டிருந்தது. துறையை உயர்த்தத் தொட்டிகளின் தண்ணீரை இறைத்தார்கள். இறைத்த ஒழுங்கு கப்பலின் பாரத்துக்குப் பொருந்தவில்லை. போதாததற்கு வெடிமருந்தும் முழுதாய் உள்ளேயே இருந்தது. துறையின் முதுகு முறிந்து தாழ்ந்தது. கப்பலின் உள்ளிரு புரொபெல்லர்களும் சிக்கிக்கொண்டன. பழுதுபார்க்க ஏற்றிய இடத்தில் நடந்த பழுது அது.

இப்போது புரி வெட்டப் பழகுகிறேன். எங்கள் மெசின் அங்குலக் கணக்கில் செய்தது. வருகிற நட்டெல்லாம் மில்லிமீற்றர். இரண்டையும் இணைக்க 127 பல் கியர் ஒன்று வேண்டும், ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீற்றர் என்பதால். அந்தக் கணக்கைக் கண்டபோது வகுப்பறைச் சந்தோசம். ஆனால் இந்த முறையில் வெட்டும்போது, டூலை நகர்த்தும் திருகைப் பற்றியிருக்கும் அரைச்சுரையை இடையில் திறக்கக் கூடாது. திறந்தால் டூல் பழைய சாலில் திரும்ப விழுவது நிச்சயமில்லை. புரி முடியும் இடத்திலுள்ள கம்பியின் தோள் நெருங்கும்போது டூலை வெளியே இழுத்து, மெசினை நிறுத்தி, எதிர்ப்பக்கமாய்ச் சுற்றித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும். பிந்தினால் டூல் தோளில் மோதும். கடைசி அரை அங்குலத்தில் என் கை நடுங்குவதைத் தம்பி பார்க்கிறான். இதற்கு மட்டும் அவன் சிரிப்பதில்லை.