இருபது நிமிடத்தில் ஐந்நூறு கிலோமீட்டர்

மாணவர்களுக்கு நாம் கற்பிக்கும் நாள்கள் பல. அவர்களிடம் நாம் கற்கும் நாள்கள் சில. அத்தகைய ஒரு நாளைப் பற்றியே இன்று எழுத விழைகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் 'காலமும் நேரமும்' என்ற தலைப்பில் சோதனைத்தாள் தயாரித்தேன். உண்மையான விமான நேரங்களைத் தந்தால் ஆர்வம் பிறக்கும் என எண்ணி இப்படி ஒரு கேள்வி அமைத்தேன்: 'காலை மணி 10.00-க்கு மாட்ரிட்டிலிருந்து புறப்பட்ட விமானம், காலை மணி 10.20-க்கு லிஸ்பனை அடைந்தது. பயண நேரம் எவ்வளவு?'

விடை 20 நிமிடம் என்றே குறித்து வைத்திருந்தேன். எல்லாரும் அவ்வாறே எழுதியிருந்தனர், ஒரு மாணவியைத் தவிர. அவள், 'இது சரியாக இருக்காது, ஐயா' என்று மட்டும் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் தவறு போட்டேன். "கேட்டதற்கு விடை எழுது" என்று வகுப்பிலும் கடிந்துகொண்டேன். மற்றவர்கள் சிரித்தனர். அவள் தலைகுனிந்தாள்.

ஓய்வு நேரத்திற்குப் பின் உலக வரைபட நூலோடும் அளவுகோலோடும் வந்து நின்றாள். "ஐயா, இரண்டு ஊருக்கும் இடையில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு 300 கிலோமீட்டர்தான். அதற்கே ஒரு மணி நேரம் ஆகிறதே?"

வாயடைத்துப் போனேன். 20 நிமிடத்தில் 500 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 1,500 கிலோமீட்டர்! அது ஒலியின் வேகத்தையே விஞ்சும். அப்படிப் பறந்த காங்கார்ட் பயணிகள் விமானமும் 2003-ஆம் ஆண்டிலேயே ஓய்வு பெற்றுவிட்டது.

நூலின் பின்பக்கத்தில் நேர மண்டலப் படத்தை இருவரும் பார்த்தோம். ஸ்பெயினின் கடிகாரம் போர்த்துகலைவிட ஒரு மணி நேரம் முந்தியது. விமான அட்டவணையோ அந்தந்த ஊரின் நேரத்தையே காட்டும். எனவே உண்மைப் பயணம் 1 மணி 20 நிமிடம். திரும்பும்போது அதே பயணம் கடிகாரத்தில் 2 மணி 20 நிமிடமாகத் தோன்றும்.

மாட்ரிட், லண்டனுக்கும் மேற்கே உள்ள நகரம். ஆயினும் 1940-இல் ஸ்பெயின் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. போர் முடிந்த பின்னரும் பழைய நேரத்திற்குத் திரும்பவில்லை. நம் தீபகற்ப மலேசியாவும் 1982-இல் சபா, சரவாக்கோடு ஒத்துப்போக அரை மணி நேரம் முன்னேறியதை மூத்தோர் அறிவர். கடிகாரம் மனிதர் வகுத்தது, தூரம் அவ்வாறன்று.

மறுநாள் வகுப்பின் முன்னிலையில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, அவளுக்கு முழுப் புள்ளிகள் வழங்கினேன். அவள் புன்னகைத்தாள். ஆனால், முதல் நாள் எழுந்த அந்தச் சிரிப்பொலியை என்னால் அழிக்க இயலாது.

பெற்றோர்களே, பிள்ளையின் தாளில் சிவப்புக் கோட்டைக் கண்டால், கடிந்துகொள்ளும் முன் "ஏன் இப்படி எழுதினாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் கேட்போம்.