வேண்டா மடல்கள்

மடல் என்பது மனத்தின் தூது. தாளும் மையும் செலவிட்டு, அஞ்சல் தலை ஒட்டி, மறுமொழிக்காகக் காத்திருந்த காலத்தில் ஒவ்வொரு மடலுக்கும் ஒரு மதிப்பு இருந்தது. அனுப்புவதற்குச் செலவு உண்டு என்பதே அம்மதிப்புக்குக் காவலாகவும் அமைந்தது. மின்னஞ்சல் அச்செலவைப் பெரிதும் நீக்கியது. தொலைவு சுருங்கியது, நன்மை பெருகியது. ஆயினும், வேலி நீங்கிய தோட்டத்தில் மாடு புகுவது போல, கேளாமலே வந்து குவியும் வேண்டா மடல்களும் உடன் புகுந்தன.

இவற்றின் தொடக்கம் 1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் எனக் கூறுவர். இணையத்துக்கு முன்னோடியாக அமெரிக்காவில் விளங்கிய ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பில், கேரி துர்க் என்னும் விற்பனை அலுவலர், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காண வருமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். பெற்றவர் பலர் சினந்தனர். வலையமைப்பை நிருவகித்தோர் கண்டித்தனர். அன்று ஒரு மடல். இன்றோ உலகில் அனுப்பப்படும் மின்னஞ்சல்களுள் ஏறக்குறையப் பாதி இத்தகையவையே என மதிப்பிடப்படுகிறது.

இவை இவ்வாறு பெருகக் காரணம் யாது? பத்து இலட்சம் பேருக்கு அனுப்பினும் அனுப்புவோர்க்கு ஆகும் செலவு மிகச் சிறிது. நச்சு நிரலால் கைப்பற்றப்பட்ட பிறர் கணினிகளைக் கொண்டே அனுப்புவோரும் உளர். எல்லாரும் புறக்கணித்து ஒரு சிலர் மட்டும் இணங்கினாலும் அவர்களுக்கு ஆதாயமே. சுமை முழுவதும் பெறுபவர் தலையிலேயே விழுகிறது.

அச்சுமை நேர இழப்போடு நின்றுவிடுவதில்லை. வங்கியின் பெயரிலும் அரசு அலுவலகத்தின் பெயரிலும் போலி மடல்கள் வருகின்றன. "உடனே விவரம் தாராவிடில் கணக்கு முடக்கப்படும்" என அவை அச்சுறுத்தும். அஞ்சி மறைச்சொல்லைத் தந்த முதியவர், ஆயுட்காலச் சேமிப்பை ஒரே நாளில் இழக்கிறார். மற்றொரு கேடும் உண்டு. குப்பை மலிந்த பெட்டியில் நன்மடலும் மறைந்து போகிறது. உயர்கல்விக்கு விண்ணப்பித்த மாணவன், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பைக் காணாமலே வாய்ப்பை இழக்க நேரிடும். பொய் பெருகும்போது மெய்யும் ஐயத்துக்கு உள்ளாகிறது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் 2007ஆம் ஆண்டிலேயே வேண்டா மடல் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொணர்ந்தது. மொத்தமாக அனுப்பும் விளம்பர மடலில் அது விளம்பரம் என்னும் அடையாளம் இருத்தல் வேண்டும். விலக விரும்புவோர்க்கு வழியும் இருத்தல் வேண்டும். எனினும், சட்டம் நேர்மையான வணிகரைக் கட்டுப்படுத்துமேயன்றி, பெயரும் நாடும் மறைத்து இயங்கும் கயவரை எளிதில் எட்டுவதில்லை.

ஆகவே, காவல் பெறுபவரிடமிருந்தே தொடங்க வேண்டும். முகவரியைக் கண்ட இடமெல்லாம் தருதல் கூடாது. அறியாதார் அனுப்பிய இணைப்பைத் திறத்தலும் மறுமொழி எழுதுதலும் கூடா. "இம்முகவரியில் ஆள் உண்டு" என்பதை அம்மறுமொழியே அறிவித்துவிடும். வங்கியின் பெயரில் மடல் வரின், அதிலுள்ள எண்ணை நம்பாது, வங்கி அட்டையில் அச்சிட்டுள்ள எண்ணையே அழைத்தல் வேண்டும். வேண்டா மடலை அழிப்பதோடு நில்லாமல் அவ்வாறே குறித்து வைத்தால், வடிகட்டும் நிரல் அதனைக் கற்றுக்கொள்ளும். அவ்வடிகட்டியும் தவறக் கூடுமாதலால், ஒதுக்கப்பட்டவற்றை அவ்வப்போது பார்த்தலும் நன்று. ஏமாந்தோர் நாணி மறைத்தல் கூடாது. மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 என்னும் எண்களை உடனே அழைத்தல் வேண்டும்.

"இதனைப் பத்துப் பேருக்கு அனுப்புக" என்று வரும் மடலை நல்லெண்ணத்தால் பரப்புவோரும் தம்மை அறியாமலே இத்தீமைக்குத் துணைபோகின்றனர். கற்றவரும் இதற்கு விலக்கல்லர்.

சொல்பவர் யார் என மயங்காது, சொல்லின் உண்மையை ஆராய்வதே அறிவு என்பது வள்ளுவர் காட்டிய நெறி. வகுப்பறையில் அக்குறளை மனனம் செய்யும் மாணவன், வீட்டில் தன் பாட்டிக்கு வந்த மடலை அந்நெறியால் ஆராய்வானாயின், அவன் கற்றது பயன்பட்டது எனலாம். இணங்குவார் இல்லையெனில் அனுப்புவார்க்கு ஆதாயம் இல்லை. ஆதாயம் இல்லையெனில் அவ்வணிகமும் நில்லாது. ஆய்ந்து படிக்கும் பழக்கமே இழந்த வேலியை மீண்டும் கட்டும்.