ஆங்கிலம் என்றால் அப்படியே நம்புவதா?

தமிழில் படிக்கும்போது நம் பிள்ளைகள் லேசில் ஏமாறுவதில்லை. சினிமா விமர்சனத்தில் 'படம் பிரமாதம்' என்றிருந்தால், "அது எழுதினவர் நெனப்பு சார்" என்று தள்ளிவிடுகிறார்கள். அதுவே ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் கதை வேறு. தெரியாத சொற்களுக்கு அர்த்தம் தேடி முடிப்பதற்குள் களைத்துவிடுகிறார்கள். அப்புறம் சந்தேகப்படத் தெம்பு ஏது? புரிந்ததெல்லாம் உண்மையாகிவிடுகிறது.

மாலை வகுப்புகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தகவலையும் கருத்தையும் பிரித்தறிய, 'ஐ திங்க்' என்று வந்தால் கருத்து, தேதியோ எண்ணோ வந்தால் தகவல் என்று ஒரு குறுக்குவழி சொல்லித் தரப்படுகிறது. பரீட்சைக்குச் சரி. ஆனால் பத்திரிகையில் எழுதுகிறவர் 'ஐ திங்க்' போட்டுவிட்டா கருத்துச் சொல்கிறார்?

இந்த வேறுபாட்டைப் புரியவைக்க எனக்குக் கைகொடுப்பது கிரிக்கெட்தான். 2011 ஏப்ரல் 2, வான்கடே மைதானம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இலங்கை எடுத்தது 274. கம்பீர் 97 அடித்து ஆட்டமிழந்தார். தோனி 91 ரன்னுடன் கடைசிவரை நின்றார். இதையெல்லாம் ஸ்கோர்கார்டில் பார்த்துக்கொள்ளலாம். இந்தியா ஜெயித்தது யாரால் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு இரண்டாகிவிடும். ஆட்டநாயகன் விருது தோனிக்குக் கிடைத்தது. இது தகவலா, கருத்தா? விருது கொடுத்தார்கள் என்பது தகவல். அவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றது தேர்ந்தெடுத்தவர்களின் கருத்து. ஒரே வரிக்குள் இரண்டும் இருப்பதைப் பிள்ளைகளே பிடித்துவிடுகிறார்கள். கம்பீர் ரசிகர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே!

பிறகு அதே ஆட்டத்தைப் பற்றிய ஆங்கிலச் செய்தியைக் கையில் கொடுத்து, ஸ்கோர்கார்டில் பார்க்க முடியாத சொற்களை அடிக்கோடிடச் சொல்வேன். பென்சில் பெரும்பாலும் பெயரடைகளின் கீழேதான் ஓடும்.

இன்னொரு சிக்கல், தகவல் என்றாலே சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை என்று காலங்காலமாகச் சொல்கிறோம். மெரினாவை எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் நூறு கிலோமீட்டரைத் தாண்டும், பிரேசிலின் காசினோ இருநூறைத் தாண்டும். ஆனாலும் மெரினா பற்றிய அந்த வாக்கியம் கருத்து ஆகாது. அளந்து பார்த்துத் தவறு என்று சொல்ல முடிகிறதே, அதனால் அது தவறான தகவல். மெரினாவைப் போல அழகான கடற்கரை உண்டா என்றால், அதற்கு அளவுநாடா கிடையாது.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தகவல், கருத்து பற்றிய பாடத்தின் முதல் வகுப்பைத் தமிழிலேயே நடத்துங்கள். பிள்ளைகள் சண்டை போட்டு முடிக்கட்டும். ஆங்கிலப் பத்தியை அடுத்த நாள் கொடுக்கலாம்.